அயல்நாட்டிலிருந்து திரும்பியவர் மண்ணில் காலூன்ற

ஆனி பிறந்து, மலை மேல் மேகம் அடைந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் இரு வகைக் கூட்டத்தைக் காணலாம். ஒன்று, குற்றாலத்து அருவிகளில் குளிக்க வரும் வெளியூர்க் கூட்டம். மற்றொன்று, சீசனை ஒட்டி விடுப்பு எடுத்துக்கொண்டு வளைகுடா நாடுகளிலிருந்து வரும் உள்ளூர்க் கூட்டம். தென்காசி, கடையநல்லூர், வடகரை, புளியங்குடி என்று இங்கே வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைக் காண்பது அரிது.

"எப்ப வந்தீய? எத்தன நாள் லீவு?" என்பதுதான் முதல் விசாரிப்பு. "நாப்பது நாள்" என்று பதில் வந்தால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். "இனிமே போவல" என்றால்தான் டீக்கடைப் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். அடுத்த கேள்வி, "அப்ப இங்கன என்ன செய்யப் போறீய?" என்பது. இதற்குப் பலரும் சொல்லும் விடை ஒன்றுதான்: "தோட்டம் போடலாம்னு இருக்கேன்."

நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படிப் போட்ட தோட்டங்களில் கணிசமானவை மூன்றாம் ஆண்டைத் தாண்டுவதில்லை. சொட்டுநீர்க் குழாய் வெயிலில் காய்ந்து கிடக்க, பாதி வளர்ந்த தென்னையோடு நிலம் விலைக்கு வருவதை இப்பகுதி விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். உழைப்புக்கு அஞ்சியவர்கள் நட்ட தோட்டங்கள் அல்ல அவை. மரம் காய்ப்புக்கு வரும்வரை வீட்டில் உலை வைப்பது எப்படி என்ற கணக்கைப் போடாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணமாக அமைகிறது.

வெளியூர் போய்ப் பிழைப்பது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. கடையநல்லூர் நெசவாளர்கள் குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்றவர்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அவர்கள் 1941-லேயே அங்கு அமைத்துவிட்டார்கள். போவதற்கு வழி காட்டுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். திரும்பி வருபவருக்கு வழி காட்டுவோர்தான் குறைவு. ஆயினும் இதில் பாடம் படிக்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் போனால் போதும்.

மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டையில் ரயில் ஏறி, ஆரியங்காவுக் குகையைத் தாண்டி, தென்மலை வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் போனால் புனலூர். இந்தத் தடத்தில் 1904-லேயே ரயில் ஓடியது. செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். ஆகவே புனலூர் நமக்கு அசலூர் அல்ல. அந்தப் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-ல் ஒரு ரப்பர்த் தோட்ட நிறுவனம் அமைக்கப்பட்டது. ரீஹேபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் லிமிடெட் என்பது அதன் பெயர். அதாவது, மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம். மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து பங்கு போட்டு நடத்தும் இந்த நிறுவனத்துக்குக் குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் எஸ்டேட்டுகள் உண்டு. அங்கே பால் வெட்டப் போன முதல் தலைமுறையினர் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள்.

அவர்கள் வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். இலங்கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் பேச்சு. 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, குடும்ப அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நான்கரை லட்சத்துக்கும் மேல். 1984-ல் அந்தக் கப்பல் நின்றது. அதற்கு முன்பே, 1960-களில், பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபின் வீடு வாசலை விட்டு வந்தவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இவ்வளவு பேரை என்ன செய்வது? அரசு பல திட்டங்கள் வகுத்தது. அவற்றில் அதிகக் குடும்பங்களுக்குக் கிடைத்தது தொழிற்கடன். குடும்பத்துக்கு ரூ. 5,000 வரை கொடுத்து, "பெட்டிக்கடை வையுங்கள், மாடு வாங்குங்கள், பிழைத்துக்கொள்ளுங்கள்" என்று ஊர்களுக்கு அனுப்பினார்கள். அந்நாளில் அது சிறிய தொகையல்ல. ஆனால் வாங்கியவர் யார்? மூன்று தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர், கவ்வாத்து வெட்டியவர், லயத்தில் குடியிருந்து வாரத்துக்கு இத்தனை பேர் என்று சம்பளம் வாங்கியவர். கடை நடத்தத் தெரியாது. பூர்வீக ஊர் என்று சீட்டில் எழுதியிருந்த ஊரில் அவரை அறிந்தவர் யாரும் இல்லை. வீடு இல்லை, நிலம் இல்லை. வந்த பணத்தில் தரகர் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது போக மீதி, சாப்பாட்டிலேயே கரைந்தது. வாங்கிய மாட்டை விற்றுக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலி தேடிப் போனவர்கள் ஏராளம். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போய் முன்பணத்துக்குக் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு.

புனலூருக்குப் போனவர்கள் கதை வேறு விதமாக அமைந்தது. ரப்பர் ஒன்றும் அவசரமாகப் பணம் தரும் பயிர் அல்ல. கன்று நட்டு, பால் வெட்டத் தொடங்க ஏழு ஆண்டு ஆகும். அந்த ஏழு ஆண்டும் வேலை இருந்தது. காடு திருத்த வேண்டும், சரிவில் வரப்புக் கட்டிக் குழி எடுக்க வேண்டும், மண்ணைப் பிடிக்க மூடுபயிர் விதைக்க வேண்டும், களை வெட்ட வேண்டும். இந்த வேலைக்கெல்லாம் கூலி உண்டு. கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகலாம். தங்கக் குடியிருப்பு உண்டு. விடியுமுன் எழுந்து மலையேறுவதும், பேர் போடுவதும், மேஸ்திரிக்குக் கணக்குக் காட்டுவதும் அவர்களுக்குப் பழகிய வாழ்க்கை. பட்டை வெட்டும் கத்தி மட்டும் பலருக்குப் புதிது. அதையும் கற்றுக்கொண்டார்கள். மரம் வளரும்வரை குடும்பம் சாப்பிட்டது. மரம் வளர்ந்தபின் மரம் சோறு போட்டது.

நீலகிரியில் 1968-ல் வனத்துறையின் கீழ்த் தொடங்கி, 1976-ல் தனி நிறுவனமான தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) எழுந்ததும், கன்னியாகுமரி மாவட்டத்தில் 1984-ல் அரசு ரப்பர்க் கழகம் ஏற்பட்டதும் இதே வழியில்தான். தொழில் தொடங்குவோருக்குக் கடன் தரவென்று 1969-ல் சென்னையில் ஒரு கூட்டுறவு வங்கியும் அமைந்தது. தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி மற்றும் வளர்ச்சி வங்கி என்று நீளமாகச் சொன்னால் புரியாது. ரெப்கோ வங்கி என்றால் எல்லோருக்கும் தெரியும். இன்றும் நடக்கிறது.

கூலி இருந்தது, பட்டா இல்லை

தோட்டத் திட்டங்களில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. வேலை கொடுத்தார்கள், குடியிருப்பும் கொடுத்தார்கள், ஆனால் குடியிருப்பு நிறுவனத்துடையது, நிலமும் நிறுவனத்துடையது. அறுபது வயதை நெருங்கிய தொழிலாளி ஓய்வு பெறும்போது, தான் நட்ட தேயிலைக்கு நடுவே தனக்கென்று ஒரு சென்ட் இல்லை என்பதைக் கண்டார். டான்டீயில் ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய பிரச்சினை பல ஆண்டுகள் நீடித்தது. நட்டம் கூடிக்கொண்டே போக, 2022-ல் சுமார் 2,152 ஹெக்டேர் தேயிலைக் காட்டைத் திரும்ப வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது பிள்ளைகளின் வேலை பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.

ஆக, பழைய அனுபவத்தில் கடன் பெற்றவருக்குச் சோறு தொடரவில்லை. தோட்டம் சென்றவருக்குச் சோறு தொடர்ந்தது, பட்டா வரவில்லை. இன்று துபாயிலிருந்தும் தமாமிலிருந்தும் திரும்புபவருக்குக் கப்பல் கிடையாது, முகாம் கிடையாது, குடும்ப அட்டையில் முத்திரையும் கிடையாது. அவரை யாரும் அகதி என்று நினைப்பதில்லை. பணக்காரர் என்று நினைக்கிறார்கள். அதுவே அவருக்கு வினையாகிறது.

பத்தாண்டுக் கணக்கு

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஐக்கிய அரபு நாட்டில் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 1,200 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். அந்நாட்டுச் சட்டப்படி பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளமும், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் ஆகும். நாள் சம்பளம் 40 திர்ஹம். பத்து ஆண்டு உழைத்தவருக்கு 4,200-ம் 6,000-ம் சேர்ந்து 10,200 திர்ஹம் வரும். திர்ஹம் ஒன்றுக்கு 23 ரூபாய் என்றால் ரூ. 2,34,600. பத்து வருட வெயிலுக்கு அவ்வளவுதான். ஓர் ஆழ்துளைக் கிணறு, இரும்புக் குழாய், நீர்மூழ்கி மோட்டார், கேபிள், ஸ்டார்ட்டர் என்று இறங்கினால் அநேகமாக அத்தனையும் ஒரே வாரத்தில் பூமிக்குள் போய்விடும். தண்ணீர் வந்தால் சரி. பாறையில் புகை மட்டும் வந்தால்?

இன்னொரு பக்கம் வீட்டுச் செலவு. மாதம் ரூ. 15,000 போதும் என்று சிக்கனமாக வைத்தாலும் மூன்று ஆண்டுக்கு ரூ. 5,40,000. எலுமிச்சை நட்டால் ஓரளவு காய் எடுக்க மூன்று, நான்கு ஆண்டு. நெட்டைத் தென்னை ஆறு, ஏழு ஆண்டு. குற்றாலத்து மலைத் தோட்டங்களைப் பார்த்து மங்குஸ்தான் மீது ஆசைப்பட்டால் அதற்கும் மேலே. பிள்ளைகள் படிப்பு, தங்கை கல்யாணம், வீடு கட்டிய பாக்கி ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகையால் திரும்பியவர் கையிலுள்ள பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு பங்கு, இரண்டு ஆண்டு வீட்டுச் செலவுக்கு வங்கியில் தொடாமல் கிடக்க வேண்டும். ஒரு பங்கு, நிலத்துக்கும் நீருக்கும். மூன்றாவது பங்கைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம். நாற்றைப் பிடுங்கி நட்ட வயலைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நட்ட அன்றே தூர் கட்டுவதில்லை. வேர் பிடித்துப் பச்சை திரும்பும்வரை தண்ணீர் நிற்க வேண்டும்.

யார் பேரில் நிலம்?

வெளிநாட்டில் இருக்கும்போதே நிலம் வாங்கும் வழக்கம் இங்கே அதிகம். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் வேலை பார்த்து அங்கே வசிக்கும் இந்தியர் இந்தியாவில் வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கக் கூடாது. பூர்வீகமாக வரும் நிலமும், போகுமுன் வாங்கிய நிலமும் அவர் பேரில் இருக்கலாம். நிரந்தரமாகத் திரும்பிய பிறகு தாராளமாக வாங்கலாம்.

இது தெரியாமலும், தெரிந்தும், பலர் பணத்தை அனுப்பி அப்பா பேரிலோ அண்ணன் பேரிலோ கிரயம் முடித்துவிடுகிறார்கள். அப்பா காலமானதும் அந்த நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அனுப்பியவர் பணத்துக்கு ரசீது கேட்க முடியுமா? சகோதரர்களுக்குள் பேச்சு வார்த்தை முறிந்து, தென்காசிக் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தே மிச்சப் பணத்தையும் தீர்ப்பதைவிடத் திரும்பும்வரை காத்திருப்பது மேல். திரும்பியவுடன் வெளிநாட்டுவாசிக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுப்பதும் கடமை.

பட்டா தம் பேரில் இருந்தால்தான் மற்ற உதவிகள் வரும். சிட்டா, அடங்கல் இல்லாதவரைக் கூட்டுறவுச் சங்கத்திலும் வேளாண்மைத் துறையிலும் விவசாயி என்று எழுதிக்கொள்ள மாட்டார்கள். பூர்வீக நிலம் இன்னும் தாத்தா பேரிலேயே கிடந்தால், மண்வெட்டி எடுக்குமுன் தாலுகா அலுவலகத்துக்கு நடப்பதுதான் முதல் வேலை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாடு போனவர் பத்து வருடம் நிலத்தைப் பார்த்திருக்க மாட்டார். பார்த்தவர் வீட்டம்மா. எந்த வாய்க்காலில் எந்த முறைக்குத் தண்ணீர் வரும், எந்தக் கமிஷன் கடையில் எடை சரியாக இருக்கும், எவர் உழவுக்கு வருகிறேன் என்று ஏமாற்றுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி வங்கியில் நல்ல பெயரும் எடுத்திருப்பார். திரும்பி வந்தவர் முதல் நாளே எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றத் தொடங்குவதைவிட, ஒரு போகம் அவரோடு வயலுக்குப் போய் வருவது புத்திசாலித்தனம்.

சித்திரையில் பாருங்கள்

நிலம் வாங்குவதில் நடக்கும் பெரிய தவறு, பார்க்கும் காலம். லீவில் வருபவர் ஆனி, ஆடியில் வருகிறார். சாரல் அடிக்கிறது, சிற்றாறு ஓடுகிறது, சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்து நிற்கிறது. அல்லது கார்த்திகையில் வருகிறார். குளம் பெருகி, கிணறு கைக்கெட்டும் தூரத்தில் தளும்புகிறது. இந்த அழகில் மயங்கி முன்பணம் கொடுத்துவிடுகிறார். குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்பதற்காகச் சுரண்டையில் கிணறு ஊறிவிடாது. மேற்கே மலையடிவாரம் தென்மேற்குப் பருவத்தில் நனையும். கிழக்கே போகப்போக வடகிழக்குப் பருவத்தை நம்பியே பிழைப்பு. சங்கரன்கோவில் கரிசலுக்கும் செங்கோட்டை வயலுக்கும் ஒரே மாவட்டம் என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. கிணற்றைச் சித்திரை, வைகாசியில் பார்க்க வேண்டும். மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டினால் வற்றுகிறது, எத்தனை மணியில் மீண்டும் ஊறுகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்க வேண்டும்.

மலையடிவாரத்தில் நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் யோசிக்க வேண்டும். வடகரை, மேக்கரைப் பக்கம் யானை இறங்கித் தென்னையைச் சாய்ப்பதும், பன்றி வந்து கிழங்கைத் தோண்டுவதும் விற்பவர் வாயிலிருந்து வராத செய்திகள். வாழை போடுவதாக இருந்தால் ஆனி, ஆடிக் காற்றை மறக்கக் கூடாது. குலை தள்ளிய மரம் அந்த மாதங்களில் நிற்குமாறு நட்டவர் சவுக்குக் கம்புக்கே பாதி லாபத்தைக் கொடுக்க நேரும்.

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி, கடையம் பக்கத்தில் ஓர் ஏக்கர் எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 110 கன்று நிற்கும். கன்று சிறிதாக இருக்கும் மூன்று ஆண்டும் இடைவெளி முழுவதும் சும்மா கிடக்கும் நிலம்தான். அங்கே உளுந்து, நிலக்கடலை, வெண்டை, கத்தரி, சின்ன வெங்காயம் என்று மாற்றி மாற்றிப் போடலாம். வெண்டை நட்ட 45 நாளில் காய் தரும். பாவூர்சத்திரம் சந்தை பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து காய்கறி தினமும் மலை தாண்டிக் கேரளம் போகிறது. ஆவணியில் ஓணத்துக்கு முன் காய்க்கும் பூவுக்கும் இருக்கும் தேவையைக் கணக்கிட்டு விதைப்பது இப்பகுதி விவசாயிகளுக்குத் தெரிந்த கலை. ஒன்றிரண்டு கறவை மாடும் இருந்தால் வாரச் செலவு பாலில் போகும். எலுமிச்சை வேரைக் காயப்படுத்தாமல் கன்றைச் சுற்றி இரண்டு அடி விட்டு உழ வேண்டும். புகையிலையையோ மிளகாயையோ ஊடுபயிராக வைத்துப் பூச்சியைக் கூப்பிட வேண்டாம். எலுமிச்சை விலை கோடையில் ஏறி மழையில் விழும் என்பதால் முழு நிலத்தையும் அதற்கே ஒதுக்குவது சரியல்ல.

கையில் இருக்கும் தொழில்

மூன்றாவது பங்குப் பணத்துக்கு வருவோம். இது தெரிந்த தொழிலுக்கு. புனலூரில் மலை ஏறப் பழகியவருக்கு மலை வேலை கொடுத்ததால்தான் அது நிலைத்தது. இன்று திரும்புபவர்களில் பெரும்பாலோர் அங்கே விவசாயம் பார்த்தவர்கள் அல்லர். குழாய் பொருத்துபவர், எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், லாரி ஓட்டுநர், வெல்டர், பெரிய கடைகளில் காய்கறி தரம் பிரித்து அடுக்கியவர். ஊருக்கு வந்ததும் அந்தத் தொழிலை மறந்துவிட்டு மண்வெட்டியைத் தூக்குகிறார்கள். ஏன் மறக்க வேண்டும்?

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்த தோட்டங்களில் பாதி, வடிகட்டி அடைத்தும் குழாய் எலி கடித்தும் பழுதுபார்க்க ஆளில்லாமல் கிடக்கின்றன. குழாய் வேலை தெரிந்தவர் பத்துக் கிராமத்துக்கு இந்த ஒரு வேலையைச் செய்தாலே வீட்டுச் செலவு வந்துவிடும். நீர்மூழ்கி மோட்டார் கட்ட ஆள் தேடி விவசாயி தென்காசிக்கு ஓடுகிறார். வெல்டருக்கு டிரெய்லரும் கலப்பைக் கொழுவும் காத்திருக்கின்றன. ஏ.சி. மெக்கானிக் குளிரூட்டும் அறை நிலையங்களில் தேவைப்படுகிறார். துபாய்க் கடையில் எந்த அளவு எலுமிச்சையை எந்தப் பெட்டியில் அடுக்கினார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர், இங்கே மூட்டையாகக் கட்டி விற்கும் காயைத் தரம் பிரித்து விற்றால் கிடைக்கும் வித்தியாசத்தை மற்றவருக்குமுன் உணர்வார். தோட்டம் காய்ப்புக்கு வரும்வரை இந்தத் தொழில்தான் அவருக்குப் புனலூர் எஸ்டேட்டின் தினக்கூலி.

கிடைக்கும் உதவிகள்

கொரோனாவால் வேலை இழந்து திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு 2021 அக்டோபரில் ஒரு திட்டம் அறிவித்தது. சிறு தொழில் தொடங்க, ரூ. 2,50,000 வரை மானியத்துடன் கூடிய கடன் என்பது அதன் சாரம். மாவட்டத் தொழில் மையம் மூலம் வரும் இம்மாதிரி மானியக் கடன்கள் நேரடிப் பயிர்ச் சாகுபடிக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. எண்ணெய் ஆட்டும் செக்கு, தீவனக் கலவை, பழுதுபார்க்கும் பட்டறை போன்றவற்றுக்குக் கேட்கலாம். எந்தத் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறது, எவ்வளவு ஒதுக்கீடு இருக்கிறது என்பதை மையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டு, விசா முத்திரை, வேலைச் சான்று ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அவசியம். வெளிநாட்டில் வேலை பார்த்ததற்கு அவைதான் சாட்சி.

பயிருக்கு வேறு வழி. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராகிப் பயிர்க்கடன் பெற்றுத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. வங்கிகளில் விவசாயக் கடன் அட்டைக்கு ரூ. 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி. ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தமிழகத்தில் வழங்கப்படுகிறது. இதற்கு வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயிச் சான்று வேண்டும். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்காமல் எதையும் நட வேண்டாம். ஊர்மேலழகியானில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை இப்பகுதியினர் அணுகலாம்.

மலைக்கு அந்தப் பக்கம் இதிலும் ஒரு படி முன்னே போயிருக்கிறார்கள். கேரள அரசு வெளிநாட்டுக் கேரளத்தவருக்கென்று 1996-ல் நோர்க்கா என்ற தனித் துறையை அமைத்தது. இரண்டு ஆண்டாவது வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் ரூ. 30 லட்சம் வரை தொழில் தொடங்கக் கடன் பெறலாம். மூலதனத்தில் 15 சதவீதம், அதிகபட்சம் ரூ. 3 லட்சம் மானியம். கொரோனாவுக்காக வந்த திட்டம் அல்ல அது; ஆண்டுதோறும் நடப்பது. பண்ணை வைப்பதற்கும் கடன் உண்டு. ஒரே விமானத்தில் திருவனந்தபுரத்தில் இறங்கும் இருவரில், புனலூரில் இறங்கிக்கொள்பவருக்கு எங்கே போய்க் கேட்பது என்று தெரிகிறது. ஆரியங்காவு தாண்டித் தென்காசி வருபவர் தொழில் மையம், கூட்டுறவுச் சங்கம், தோட்டக்கலைத் துறை, தாலுகா அலுவலகம் என்று நாலு படி ஏறி இறங்குகிறார். தமிழகத்திலும் அயலகத் தமிழர் நலனுக்கென்று துறையும் வாரியமும் ஏற்பட்டுவிட்டன. வட்டார அளவில், திரும்பியவருக்கென்று ஒரு மேசையும், அதற்குப் பின்னால் விவசாயம் தெரிந்த ஓர் அலுவலரும் இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

அதுவரை ஆனியில் திரும்பியவர் சாரல் முடியும்வரை பட்டா வேலையைப் பார்க்கலாம். புரட்டாசிக்குள் மண் பரிசோதனை முடிவு கைக்கு வந்துவிடும். பூர்வீக வயல் இருந்தால் பிசானத்துக்கு வீட்டம்மா சொல்படி நெல் நடலாம். தொழில் தெரிந்தவர் பட்டறையைத் திறக்கலாம். சித்திரை வந்ததும் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி நீர்மட்டத்தை அளந்து பார்த்துவிட்டு, அடுத்த வைகாசிக் கடைசியில் எலுமிச்சைக்குக் குழி எடுக்க ஆள் சொல்லலாம்.